ஆனியில் அறுத்த தேக்கு

ஜூலை 11, வியாழன்

காலையில் திலகவதி டீச்சர் கடைக்கு வந்தார். கோவில்பட்டியில் பாதிப் பேருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. கூட மகள் சுபாஷினியும் வந்திருந்தாள். ஆவணிக் கடைசியில் அவளுக்குக் கல்யாணம். கட்டில், பீரோ, கண்ணாடி மேஜை மூன்றும் தேக்கில் வேண்டும் என்று விசாரித்தார். பைபாஸ் ரோட்டில் ஏசி போட்ட ஷோரூம் மூன்று இருக்கிறது. அங்கெல்லாம் போகாமல் நேராக ‘வேலுத்தாய் பர்னிச்சர்’ வாசலில் வந்து இறங்கியிருக்கிறார். இதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது, எழுதிவிட்டேன்.

கல்யாணக் கட்டிலின் தலைமாட்டுப் பலகையில் பெண், மாப்பிள்ளை பெயரின் முதல் எழுத்தைச் செதுக்கிக் கொடுப்பது எங்கள் கடை வழக்கம். மாப்பிள்ளை பெயர் பிரேம்குமாராம். மாதிரி எப்படி இருக்கும் என்று பார்க்க டீச்சரே ஒரு பழுப்புத் தாளில் ‘சு’வும் ‘பி’யும் எழுதிக் காட்டினார். கரும்பலகையில் முப்பத்தைந்து வருடம் எழுதிய கை அல்லவா, அச்சு தோற்றுப்போகும். என்னிடம் பதினைந்து வருடமாக வேலை செய்யும் உலகநாதன் ஆசாரி அந்தத் தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மகள் உள்ளே வரவே இல்லை. போனைக் காதில் வைத்தபடி வாசலிலேயே நின்றாள். கல்யாணப் பெண் என்றால் அப்படித்தான்.

மாப்பிள்ளை வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நாளை போன் செய்கிறேன் என்று சொல்லிவிட்டு டீச்சர் கிளம்பினார். மதியம் வீட்டுக்காரர் வைத்த கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. பஸ் கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் வீட்டில் சமையல் இவர்தான். உப்பு கொஞ்சம் தூக்கல்.

ஜூலை 12, வெள்ளி

டீச்சரிடமிருந்து போன் வரவில்லை.

இன்றைக்கு ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தம். புதன்கிழமை ஆடி பிறந்துவிடும். ஆடியில் ரம்பம் வைத்த கல்யாணக் கட்டிலில் எந்தத் தாய் மகளைப் படுக்க விடுவாள்? ஆவணி பிறக்கட்டும் என்று காத்திருந்தால் முழுசாக நாலு வாரம் கிடைக்காது. அவசரத்தில் அடித்த பாலிஷ் ஆறு மாதத்தில் பல்லைக் காட்டும். ஆனியில் ஒரு வெட்டு விழுந்துவிட்டால், மீதி வேலை ஆடியில் நடந்தாலும் அது ஆனியில் தொடங்கிய வேலைதான். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் இந்தக் கணக்கு தெரியும். டீச்சருக்கும் தெரிந்திருக்கும்.

ராகு காலத்துக்கு முன்பாக, ஒன்பதேகாலுக்குப் பலகையில் மஞ்சள் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினேன். உலகநாதன் ஆசாரி ரம்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “அவுக சொல்லிட்டாகளாம்மா?” என்று கேட்டார். சொன்ன மாதிரிதான், அறுங்க என்றேன்.

மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்த இவர், அறுத்துக் கிடந்த தேக்கைப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “டிக்கெட் கொடுக்காம விசில் ஊதிட்டியே வேலு” என்றார். என் வண்டியில் ஏறியவர்கள் பாதி வழியில் இறங்கியதில்லை என்றேன். ரசம் நன்றாக இருந்தது.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்தது. போன் இல்லை. ஆடியில் கல்யாணச் சாமானைப் பற்றி யார் வாய் திறப்பார்கள்.

ஜூலை 24, புதன்

மூன்று நாளாக மின்சாரம் கண்ணாமூச்சி ஆடுகிறது. இழைப்பு மிஷின் நிற்க நிற்க, ஆசாரி கையாலேயே இழைத்துவிட்டார். கையால் இழைத்த தேக்கின் வழவழப்பு மிஷினுக்கு வராது. கட்டில் சட்டத்தில் ஒரு ஆணி கிடையாது, எல்லாம் பொருத்துதான். யானை ஏறிக் குதித்தாலும் முனகாது.

இருபது வருடத்துக்கு முன்னால் நான் இன்னொருவர் கடையில் உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தேன். தினக்கூலி. அப்போது தேய்ந்த விரல் ரேகை, இன்றைக்கும் ரேஷன் கடை மிஷினில் விழாமல் திரும்பி வருகிறேன். சொந்தக் கடை வைக்கப் போகிறேன் என்றபோது, பொம்பளை மர வேலையில் என்ன செய்வாள் என்று இதே ஊர் சிரித்தது. பத்தொன்பது வருடத்தில் என் சாமான் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. வேலுத்தாய் ஒன்று சொல்லி ஒன்று கொடுத்தாள் என்று ஒருவர் சொன்னதில்லை. கடையில் எனக்கு இருக்கிற சொத்து அதுதான். மற்றதெல்லாம் மரத்தூள்.

இந்தக் கட்டிலைப் பார்த்தால் டீச்சருக்குக் கண் நிறைந்துவிடும். அன்றைக்கு விலை சொன்னபோதே தலையை ஆட்டினாரே.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பெருக்கு. இவர் எலுமிச்சை, தேங்காய், புளி என்று மூன்று வகைச் சாதம் செய்திருந்தார். மூன்றும் ஒரே ருசி. சொல்லவில்லை.

செண்பகவல்லி அம்மன் கோவிலில் டீச்சரைத் தூரத்தில் பார்த்தேன். கையை உயர்த்தினேன். அவர் கூட்டத்துக்குள் நுழைந்து பிரகாரத்தின் அந்தப் பக்கம் போய்விட்டார். ஆடி மாதத்தில் என்னிடம் பேசினால் கட்டில் பேச்சு வரும், அது வேண்டாம் என்று நினைத்திருப்பார். படித்தவர், பக்குவம் தெரிந்தவர். உங்க கையாலதான் செய்யணும் வேலுத்தாய் என்று அன்றைக்குச் சொன்னவர் வேறு எப்படி இருப்பார்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

மூன்றும் முடிந்தது. கடைசிப் பூச்சை நானே அடித்தேன். பாலிஷ் மட்டும் நான் யாரையும் நம்புவதில்லை.

தலைமாட்டுப் பலகையில் ஆசாரி அந்த இரண்டு எழுத்தையும் தாளில் இருந்தபடியே செதுக்கியிருக்கிறார். டீச்சர் ‘சு’வுக்குக் கீழே ஒரு வளைவு கொடுப்பார், அது வேறு யாருக்கும் வராது. எதிர்க்கடை தையல்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, இது எங்க திலகவதி டீச்சர் எழுத்தில்லா என்றார். மூன்றாம் வகுப்பில் அவரிடம் அடி வாங்கியவராம். ஒரு நாள் முழுக்கக் கட்டிலைக் கடை வாசலில் வைத்துப் போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்கட்டும் என்று ஆசையாக இருந்தது. கல்யாண வீட்டுச் சாமானுக்குக் கண் படக்கூடாது என்று போர்வை போட்டு மூடிவிட்டேன்.

ஆகஸ்ட் 17, சனி

ஆவணி ஒன்று. டீச்சருக்கு மூன்று முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. போனை எங்காவது வைத்து மறந்திருப்பார்.

ஆகஸ்ட் 19, திங்கள்

குட்டியானை வண்டியைப் பிடித்து மூன்றையும் ஏற்றிக்கொண்டு நானும் ஆசாரியும் டீச்சர் வீட்டுக்குப் போனோம். பத்து மணி. தெருவில் எல்லோரும் கோலத்தையும் பாத்திரத்தையும் முடித்துவிட்டு வாசலில் நிற்கிற நேரம். வண்டியின் பின்கதவை இறக்கியதும் போர்வை நழுவியது. டீச்சர் கேட்டைப் பாதி திறந்தபடி நின்றுவிட்டார்.

“முதல்ல அதைத் துணி போட்டு மூடுங்க” என்றார். அதுதான் முதல் வார்த்தை. என் வேலையைக் கண்ணால் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை.

அப்புறம்தான் சொன்னார். “நான் உங்ககிட்ட கட்டிலும் கேக்கல, பீரோவும் கேக்கல. சும்மா கடையைப் பார்க்க வந்தேன். யாரு இதைக் கொண்டுவரச் சொன்னது?”

அவர் குரலை உயர்த்தவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் கேட்கிற மாதிரிதான் சொன்னார். நீங்கள்தானே வந்து கேட்டீர்கள் என்றேன். ஆள் தெரிந்து ஏமாற்றப் பார்க்காதீர்கள் என்று சொல்லிக் கேட்டைச் சாத்திவிட்டார். ஏமாற்றுகிறேனாம். நான். தெருவில் ஒருவர் சிரித்தார். யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை.

வண்டி திரும்பியது. ஆசாரி வழியெல்லாம் போர்வையைப் பிடித்துக்கொண்டே வந்தார். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக என் கடைச் சாமான் என் கடைக்கே வந்து இறங்கியது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

எழுதப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

வியாபாரிகள் சங்கத்துக்குப் போனேன். தலைவர் வைரவன், இரும்புக் கடைக்காரர். என்னைவிடப் பத்து வயது சின்னவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். சங்கத்தில் நீளமாக ஒரு புகார் நோட்டு உண்டு. கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் தகராறு வந்தால் இரண்டு பேரையும் உட்காரவைத்து விசாரிப்பார்கள். யார் மேல் தப்போ அவர் பெயரையும் தப்பையும் ஒரே வரியில் அந்த நோட்டில் எழுதுவார்கள். போலீசும் கிடையாது, கோர்ட்டும் கிடையாது. ஆனால் அந்த ஒரு வரி ஊரைச் சுற்றி வந்துவிடும். தொடங்கிய நாள் முதல் அந்த நோட்டில் பெயர் ஏறாத கடைக்காரர் நான் ஒருத்திதான் என்று போன பொங்கல் கூட்டத்தில் வைரவனே மைக்கில் சொன்னார்.

நடந்ததைச் சொன்னேன். “செஞ்சிருங்க வேலுத்தாய்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு டீச்சர் சொன்னதையும் சொன்னேன். வைரவன் தர்மசங்கடமாகத் தலையைச் சொறிந்தார். அவரும் டீச்சரிடம் படித்தவர். நேற்றே டீச்சர் போன் செய்து, தெருவில் வைத்து நான் அவரை அவமானப்படுத்தியதாகச் சொல்லியிருக்கிறாராம். பதிலுக்கு அவமானம் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை விசாரணை. அந்த நோட்டில் டீச்சர் பெயர் ஏறியாக வேண்டும்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

மாதாங்கோவில் தெரு மண்டபத்தில் மணமேடை நாற்காலி இரண்டு ஆடுகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். ஆசாரி காலைச் சரி செய்துகொண்டிருந்தபோது, மேனேஜர் மேஜையில் முன்பதிவு நோட்டு விரிந்து கிடந்தது. பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை. செப்டம்பர் 12 கண்ணில் பட்டது. ‘சுபாஷினி – பிரேம்குமார்’ என்று எழுதி, மேலே இரண்டு கோடு போட்டு அடித்திருந்தது. பக்கத்தில் ரத்து என்று தேதியுடன் இருந்தது. ஜூலை 13. கீழே வேறு யாரோ பெயர்.

நான் சூடம் காட்டியதற்கு மறுநாள்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அந்தக் கல்யாணம் நின்றது ஊரில் ஒருவருக்கும் தெரியாதே என்றார். அப்புறம் கண்டக்டர் மூளை வேலை செய்தது.

“அப்படின்னா நீ ஒண்ணும் பேச வேண்டாம். அந்தத் தலைமாட்டுப் பலகையைத் தூக்கிட்டுப் போயி நடுவுல வையி. டீச்சர் கையெழுத்து, மாப்பிள்ளை பேரு. கட்டில் கேக்கலன்னு அப்பவும் சொல்லுவாகளா?”

சொல்ல முடியாது. சங்கத்தில் உட்காருகிற ஏழு பேரில் ஐந்து பேர் அந்த எழுத்தைப் பார்த்து எழுதிப் பழகியவர்கள். யார் அந்த ‘பி’ என்று கேட்பார்கள். கல்யாணம் என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். சாயங்காலத்துக்குள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விடும்.

போகட்டும். எனக்கென்ன. என்னைத் தெருவில் வைத்து ஏமாற்றுக்காரி என்றவர்தானே.

ஆகஸ்ட் 28, புதன்

ஞாயிற்றுக்கிழமை என்ன பேசுவது என்று ஒத்திகை பார்க்க இந்த நோட்டைப் புரட்டினேன். டீச்சர் என் கையைப் பிடித்தது எந்தத் தேதி, என்ன நேரம் என்று கேட்டால் டக்கென்று சொல்ல வேண்டுமே.

ஜூலை 11-இல் கையைப் பிடித்தது இல்லை. தலையை ஆட்டியதும் இல்லை. உங்க கையாலதான் செய்யணும் என்றதும் இல்லை. நாளை போன் செய்கிறேன் என்று சொன்னார் என்று எழுதியிருக்கிறது. 12-ஆம் தேதியில் போன் வரவில்லை என்று எழுதியிருக்கிறது. கையெழுத்து என்னுடையதுதான்.

அன்றைக்கு வேலை அவசரத்தில் சிலதை எழுதாமல் விட்டிருப்பேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருக்க முடியுமா. நோட்டை உள்ளே வைத்துவிட்டுக் கடைக்குப் போய் ஒரு பழைய ஸ்டூலை ஒரு மணி நேரம் தேய்த்தேன். அந்த ஸ்டூலுக்குத் தேய்ப்பு தேவைப்படவில்லை.

ஆகஸ்ட் 31, சனி

தலைமாட்டுப் பலகையைக் கழற்றி, போர்வையில் சுற்றி, கடை வாசலில் தயாராகச் சாய்த்து வைத்திருக்கிறேன். நாளை காலை ஒன்பதரைக்குக் குட்டியானை வரும். சாயங்காலம் டீச்சர் மகள் ஸ்கூட்டியில் கடையைத் தாண்டிப் போனாள். நகராட்சியில் சர்வேயர் வேலை பார்க்கிறாளாம், தையல்காரர் சொன்னார். பின்னால் அளவுச் சங்கிலிப் பை கட்டியிருந்தது. சாய்ந்திருக்கிற பலகையைப் பார்த்தாளா என்று தெரியவில்லை. ஹெல்மெட்டுக்குள் முகம் தெரியாது.

இவர் வெள்ளைப் பூண்டு போட்டுக் கஞ்சி வைத்தார். இறங்கவில்லை. வெயிலாக இருக்கும்.

செப்டம்பர் 1, ஞாயிறு

பலகையைக் கொண்டுபோகவில்லை. கட்டுவதற்குக் கயிறு கிடைக்கவில்லை. வண்டிக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டு ஆட்டோவில் போனோம். இவர் ஆட்டோவில் ஏறும்போது என் முகத்தைப் பார்த்தார். கேட்கவில்லை.

சங்கத்தில் ஏழு பேர், நடுவில் வைரவன். டீச்சர் தனியாக வந்திருந்தார். கஞ்சி போட்ட பச்சைக் கரை நூல் சேலை. மடியில் பை. அந்தப் பையின் காதை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நான் உள்ளே நுழைந்ததும் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். அப்புறமும் இரண்டு மூன்று தடவை பார்த்தார். யாராவது எதையாவது தூக்கிக்கொண்டு வருகிறார்களா என்று பார்க்கிறவர் பார்வை. முகம் சாம்பல் பூத்திருந்தது. அவ்வளவு பெரிய டீச்சரை அப்படிப் பார்க்க எனக்கு நன்றாக இல்லை. அதை ஒத்துக்கொள்கிறேன்.

முதலில் என்னைச் சொல்லச் சொன்னார்கள். எழுந்து நின்றேன். ஒத்திகை பார்த்தது ஒன்றும் வரவில்லை. வந்ததைச் சொன்னேன்.

“டீச்சர் எங்கிட்ட செய்யச் சொல்லல. கேட்டுட்டு போன் பண்ணுதேன்னுதான் சொன்னாக. போன் வரல. ஆனி முடியப் போகுதுன்னு நானாத்தான் மரத்தை அறுத்தேன். ஆடி பூரா அவுக பேசாம இருந்ததை சம்மதம்னு நானா நினைச்சுக்கிட்டேன். கையைப் பிடிச்சாகன்னு போன வாரம் நான் சொன்னதும் நெசமில்ல. தப்பு என்னுது.”

வைரவன் பேனாவைத் திறந்து வைத்திருந்தார், எழுதவில்லை. “அக்கா, யோசிச்சுச் சொல்லுங்க. எழுதினா எழுதினதுதான்” என்றார். ஓரத்தில் உட்கார்ந்திருந்த பைபாஸ் ஷோரூம்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார், சிரிப்பை முழுங்கத்தான். வைரவன் இன்னும் எழுதவில்லை. எனக்குப் பொறுமை கிடையாது. நோட்டை என் பக்கம் இழுத்து நானே எழுதினேன். ‘வேலுத்தாய். வாடிக்கையாளர் உறுதி சொல்லாமலே வேலை தொடங்கினார். கையைப் பிடித்துச் செய்யச் சொன்னதாகச் சொன்னது பொய்.’ ஐந்தாம் வகுப்புப் படிப்பு. கோழி கிண்டின எழுத்து.

டீச்சரைத் திரும்பிப் பார்க்கவில்லை. வணக்கம் சொல்லிவிட்டு நிமிர்ந்து வெளியே வந்தேன். வாசலில் செருப்பைத் தேடியபோதுதான் கண் மறைத்தது. தூசிக் காற்று அங்கே எப்போதும் உண்டு.

பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்ப் பரோட்டா சாப்பிட்டோம். “கயிறு கிடைக்கல” என்று இவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். நான் இன்னொரு பரோட்டா கேட்டேன்.

செப்டம்பர் 4, புதன்

ஊருக்கே தெரிந்துவிட்டது. இன்று ஒருவர் ஆறு சாப்பாட்டு நாற்காலிக்குச் சொல்லியிருந்ததை, இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். நீங்க தொடங்கிடலையே என்று வேறு சிரித்தபடி கேட்டார். கோபம் வந்தது. வாயைக் கட்டிக்கொண்டேன். கேட்க வேண்டிய கேள்விதான்.

மத்தியானம் ஆசாரியை டீ குடிக்க அனுப்பிவிட்டுத் தலைமாட்டுப் பலகையைப் படுக்கப்போட்டேன். முதலில் இழைப்புளி, பிறகு முரட்டு உப்புத்தாள், பிறகு நைசான உப்புத்தாள். எழுத்து ஆழமாக இறங்கியிருந்தது, மூன்று மணி நேரம் ஆயிற்று. ‘சு’வின் கீழ் வளைவு கடைசியில்தான் போனது. பலகையின் கனம் ஒரு நூல் அளவு குறைந்துவிட்டது. இனி யார் வீட்டுக்கு வேண்டுமானாலும் போகலாம். எழுத்தோடு கடையில் வைத்திருந்தால் விலை போகாது, அதனால்தான் அழித்தேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

கடை திறந்து கொஞ்ச நேரத்தில் சுபாஷினி வந்தாள். இந்தத் தடவை வாசலில் நிற்கவில்லை, நேராக உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். கையால் சட்டத்தைத் தடவிப் பார்த்தாள். அளவு எடுக்கிற ஆள் அல்லவா, மூலைக்கு மூலை கண் ஓடியது. ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்க ஆன்ட்டி என்றாள். எனக்குத் தெரியும் என்றேன்.

அவளாகவே சொன்னாள். கல்யாணத்தை வேண்டாம் என்றது மாப்பிள்ளை வீடு இல்லை, அவள்தானாம். அம்மாவுக்குத்தான் வெளியே சொல்ல வெட்கம்.

“அன்னைக்கு உங்க கடை வாசல்ல நிக்கிறப்ப, வேலையை விட்டுருன்னு அவர் போன்ல சொல்லிக்கிட்டே இருந்தார். உள்ள அம்மா எங்க ரெண்டு பேர் எழுத்தையும் எழுதிக்கிட்டு இருந்தாங்க. மரத்துல செதுக்கிட்டா அழிக்க முடியாதேன்னு பயம் வந்துருச்சு. அன்னைக்குச் சாயங்காலமே வேண்டாம்னு சொல்லிட்டேன்.”

எழுந்துபோய் போர்வையை விலக்கித் தலைமாட்டுப் பலகையைக் காட்டினேன். வெறும் தேக்கு, ரேகை மட்டும் ஓடியது.

“செதுக்கினதையும் அழிக்கலாம்மா. கை வலிக்கும், அவ்வளவுதான்” என்றேன்.

அவள் எழுத்து இருந்த இடத்தில் விரலை ஓட்டினாள். அப்புறம் அம்மா மரத்துக்கான பணத்தைக் கொடுக்கச் சொன்னதாக ஒரு கவரை எடுத்தாள். உறுதி சொல்லாத ஆர்டருக்கு வேலுத்தாய் கை நீட்டுவதில்லை என்று சொல்லி அதை அவள் பைக்குள்ளேயே போட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்கு ஏன் பலகையைக் கொண்டுவரவில்லை, அம்மா அதை நினைத்து நாலு நாள் தூங்கவில்லை என்று கேட்டாள். கயிறு கிடைக்கவில்லை என்றேன். அவள் என் தலைக்கு மேலே சுவரைப் பார்த்தாள். அங்கே மூன்று கட்டுக் கயிறு தொங்குகிறது. பார்த்துவிட்டு, “ஆமா ஆன்ட்டி” என்று மட்டும் சொன்னாள்.

நல்ல பெண். அம்மாவிடம் பேசிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். என்ன பேசப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 11, புதன்

காலை பதினோரு மணிக்கு வைரவன் போன் செய்து, உடனே சங்கத்துக்கு வாங்க அக்கா என்றார். குரல் சரியில்லை. ஆசாரியிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனேன். புகார் நோட்டு விரித்து வைத்திருந்தது.

சற்று முன்னால் டீச்சர் வந்திருக்கிறார். சிமெண்டுக் கடைக்காரரும் ஷோரூம்காரரும் இன்னும் நாலு பேரும் உட்கார்ந்திருக்கும்போதே, என் மகள் கல்யாணம் நின்றுபோனது, அதை மறைக்கக் கட்டிலே கேட்கவில்லை என்று பொய் சொன்னேன், அந்தம்மாவைத் தெருவில் வைத்து ஏமாற்றுக்காரி என்றேன், எழுதிக்கொள் வைரவா என்றாராம். வைரவனுக்குக் கை வரவில்லை. டீச்சர் பெயரைப் புகார் நோட்டில் எப்படி எழுதுவது. அவரே நோட்டை வாங்கி எழுதிவிட்டுப் போய்விட்டார்.

“பதினெட்டு வருசமா இந்த நோட்டை வச்சிருக்கேன்க்கா. எல்லாரும் அடுத்தவன் தப்பைத்தான் எழுதச் சொல்லுவாக” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். டீச்சர் கட்டில் கேட்டது உண்மை என்று ஆகிவிட்டதால், என் வரியை அடித்துவிடக் கமிட்டியில் எல்லோரும் சம்மதித்துவிட்டார்களாம். நான் சரி என்றால் போதும், மறுபடி நோட்டில் பெயர் ஏறாத கடைக்காரி ஆகிவிடுவேன்.

கேட்டதுதான் உண்மை, செய்யச் சொன்னது உண்மையில்லையே என்றேன். ஒரு கோடுகூடப் போடக்கூடாது என்று சொல்லிவிட்டு நோட்டை என் பக்கம் திருப்பிப் படித்தேன். டீச்சர் நீல மையில் மூன்று வரி எழுதியிருந்தார். ‘பொய்’யில் கொம்பு, கால் எல்லாம் அளவெடுத்த மாதிரி. அந்தப் பக்கத்தையே அது அழகாக்கிவிட்டது. என்னுடையது கோணலும் மாணலுமாகக் கிடக்கிறது. ஆனால் மேலே இருப்பது என்னுடையது.